யாருக்குக் கொழுப்பு

அவள் பேருந்தில் ஏறினால் நடத்துனர்களின் முதுகு தானாக நிமிரும். அடுத்த வண்டிக்கு உடனே போன் பறக்கும்: "பருந்து கெளம்பிடுச்சு, பாத்துக்கோ." அவளுக்கும் அந்தப் பட்டப்பெயர் தெரியும். யார் வைத்தது என்பதுகூடத் தெரியும்.

பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலையில் அவள் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. சீட்டைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பாள். அவளைக் கண்டதும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவன், பையை மேலிருந்து கீழே துழாவிவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்குகிறவள், தூங்குவதுபோல் கிடக்கிறவன். நிஜமாகத் தூங்குகிறவன் வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறவன் தோளைத்தான் முதலில் தட்டுவாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சீருடையைக் கழற்றுவாள், பார்வையைக் கழற்ற மாட்டாள். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகன் நூலகத்திலிருந்து வருவதாகச் சொன்னால் அவள் கண் அவன் செருப்பில் ஒட்டிய மைதானத்து மண்ணுக்குப் போகும். "ஏம்மா, நான் என்ன உன் பஸ்லயா ஏறியிருக்கேன்?" என்பான் அவன்.

கணவன் பழைய சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் புது உறை தைத்து அடிக்கிறவன். கடைத்தெருவின் கோடியில் சின்னப் பட்டறை. சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பான். அதனால் பகல் முழுக்கப் பேச வழியில்லை. "ஆணியை எடுத்த பிறகும் வாயில ஆணி இருக்கற மாதிரிதான் இருப்பாரு" என்று அவள் அலுத்துக்கொள்வாள். ஒடிந்து விழுவதுபோல் ஒல்லியான மனிதன். சிகரெட், குடி எதுவும் கிடையாது. அவனிடம் அவள் கண்ட ஒரே குற்றம், எந்தச் செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் பின்பக்கத்தை மிதித்து நசுக்கிவிடுவான். குதிகால் உரசுகிறது என்பான். "உங்க குதிகாலுக்கு மட்டும் என்ன தனி மவுசு?" என்று திட்டுவாள்.

ஒரு முறை பேருந்து நிறுவனம் ஊழியர் குடும்பங்களுக்கு இலவசமாக ரத்தம் பரிசோதித்தது. இலவசம் என்றாலே அவளுக்குச் சந்தேகம்தான். இருந்தும் கணவனை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவனுக்குக் கெட்ட கொழுப்பு இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

முகாமில் இருந்த வயதான மருத்துவர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "எண்ணெயில நீச்சல் அடிக்கிறீங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கேள்வி அவள் அடுப்பைப் பற்றியது. "நாங்க அப்படிச் சாப்பிடறவங்க இல்ல சார்."

"இந்த நம்பர் வேற சொல்லுதே. எண்ணெய், வெண்ணெய், முட்டை மஞ்சக்கரு எல்லாத்தையும் நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வாணலி தலைகீழாகத் தொங்கியது. எல்லாம் அவித்த காய், அவித்த பயறு, உப்புக் குறைந்த சூப். மகன் ஒரு வாரத்தில் நண்பர்கள் வீடுகளில் சாப்பிடப் பழகிக்கொண்டான். கணவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த டப்பா மாலையில் துடைத்துவைத்ததுபோல் திரும்பி வந்தது.

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. நம்பர் ஏதோ பேருக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வெளிய தின்னறாரு," என்றார் மருத்துவர், அவளைப் பார்த்து, அவன் அங்கே இல்லாததுபோல். "எல்லா ஆம்பளையும் இப்படித்தான்மா. வீட்ல சாமியார், ரோட்ல கல்யாண வீடு."

கணவன் மெல்லச் சொன்னான். "நான் வெளிய எதுவும் சாப்பிடல டாக்டர்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. ஆனால் கண் ஜன்னல் பக்கம் போனது. அது போதும் அவளுக்கு.

அதன் பிறகு அவள் செய்ததையெல்லாம் பின்னால் நினைக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் வேலை முடிந்து வந்ததும் கை கழுவும் முன் விரல்களை மோந்து பார்த்தாள். பசையும் ரெக்சினும்தான் நாறின. சட்டைப் பையில் பொரித்த பண்டத்தின் துணுக்கு தேடினாள், ஆணிதான் குத்தியது. பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரைப் பிடித்து விசாரித்தாள்.

"உங்க வீட்டுக்காரரா? சர்க்கரை இல்லாத டீ. ஒரு பிஸ்கட்கூடத் தொட மாட்டாரே. அவர மாதிரி நாலு பேர் வந்தா நான் கடையைச் சாத்திட வேண்டியதுதான்."

டீக்கடைக்காரரும் கூட்டு என்று முடிவு செய்தாள்.

அவளை அதிகமாக அரித்தது அந்தக் காலி டப்பாதான். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவளுக்கே அது தொண்டையில் இறங்கவில்லை. உலகத்தில் எந்த மனிதன் அதைத் துளி மிச்சம் வைக்காமல் தினமும் சாப்பிடுவான்? எங்கோ கொட்டுகிறான். கொட்டிவிட்டு வேறு எங்கோ வயிற்றை நிரப்புகிறான். அப்படி நிரப்புகிறவன் ஏன் இளைத்துக்கொண்டே போகிறான் என்பது மட்டும் கணக்குக்கு ஒத்து வரவில்லை. ஒத்து வராததை அவள் ஒதுக்கி வைத்தாள்.

அதற்கு விடை, பட்டறைக்குப் பக்கத்தில் சாவி செய்கிறவன் வாயிலிருந்து வந்தது. அவன் அதை ரகசியம் என்றே நினைக்கவில்லை. "அண்ணன் மத்தியானம் கடையைச் சாத்திட்டு டப்பாவோட பஸ் ஏறிடுவாரே அக்கா. ஒரு மணி நேரத்துல வந்துடுவாரு."

மறுநாள் அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சீருடை இல்லாமல், அவன் ஏறிய வண்டிக்குப் பின்னால் வந்த வண்டியில் ஏறினாள். தன் தொழிலில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். ஒருவரையும் இப்படிப் பின்தொடர்ந்ததில்லை. இப்போது சந்தேகம் சாப்பாட்டைத் தாண்டிவிட்டிருந்தது. யார் அவள்? என்னைவிட நன்றாகச் சமைக்கிறவளா?

அவன் இறங்கிய நிறுத்தத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவனுடைய தங்கை வீட்டுத் தெரு.

நாத்தனாரோடு அவள் பேச்சு வைத்துக்கொள்ளாமல் எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சண்டை பேருந்தில் நடந்தது. பரிசோதனைக்கு ஏறியவள், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த நாத்தனாரிடமும் சீட்டைக் கேட்டாள். "வாங்கினேன் அண்ணி, குழந்தை வாயில போட்டு மென்னுடுச்சு" என்றாள் நாத்தனார். பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். சொந்தக்காரி என்று விட்டுவிட்டாள் என ஒரு பேச்சு வரக்கூடாது என்று, வண்டி முழுக்கப் பார்க்க, அபராதம் போட்டாள். அன்றோடு சரி.

கதவு ஒருக்களித்திருந்தது. தட்டாமல் தள்ளினாள்.

நாத்தனார் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அவள் மடியில் அந்த டப்பா. அவித்த காயைக் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் தரையில் உட்கார்ந்து மீதிப் பாதியைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி. டிக்கெட் இருக்கு, பாக்கறீங்களா?"

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாய்ல அடைப்பு. ஸ்டென்ட்னு ஒரு கம்பிவலை வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை லாரில வெளியூர் போயிருந்தாரு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்." ஆணி இல்லாத வாயிலிருந்து அவ்வளவு வார்த்தைகளை அவள் கேட்டு வெகு நாளாயிற்று. "எண்ணெய் இல்லாம சாப்பிடச் சொல்லியிருக்காங்க. நீ எப்படியும் எனக்குச் செய்யறியே, அதுல பாதி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேள்வி கேப்ப."

நாத்தனாருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவள் கண் இமைகளின் உள் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் சின்னத் தடிப்புகள் இருந்தன. முன்பு இல்லாதவை. பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பருந்தின் கண் அங்கேயே நின்றது.

"அண்ணனுக்கும் கொழுப்பு ஜாஸ்தியாமே?" என்றாள் நாத்தனார். "அண்ணிக்குத்தான் ஜாஸ்தின்னு ஊர் முழுக்கத் தெரியும். போயும் போயும் அவருக்கா வந்துச்சு?"

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அவள் ஒரு வருடத்துக்குத் தாங்கும் பதில் கொடுத்திருப்பாள். அன்று பேசாமல் தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு வந்தாள்.

நாத்தனாருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்கு அடுத்த வாரம் கணவனை அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் மருத்துவர் தாளை மேசையில் வைத்துவிட்டு அவனைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து, குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அது கயிறுபோல் தடித்திருந்தது.

"செருப்பு உரசுமா?"

"உரசும்," என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல்.

"உங்க அப்பா எப்படி இறந்தாரு?"

"மூட்டை ஏத்தறவர். லாரி மேலருந்து தவறி விழுந்துட்டாரு. சின்ன வயசுதான்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "விழுந்ததால இறந்தாரா, இறந்ததால விழுந்தாரா?"

இத்தனை வருடம் அந்தக் குடும்பம் ஒரு லாரியையும், அதன் பக்கப் பலகையைச் சரியாக மாட்டாத ஓட்டுநரையும் திட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்று எதையும் நம்பாத அவளுக்குக்கூடத் தோன்றியதில்லை.

மருத்துவர் விளக்கினார். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை ஈரல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஈரலின் மேல் கதவுகள்போல் சில இருக்கின்றன. அந்தக் கதவுகளைச் செய்யச் சொல்லும் மரபணு, அம்மா வழியாக ஒன்றும் அப்பா வழியாக ஒன்றும் வரும். ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் பாதிக் கதவு வேலை செய்யாமல் போகலாம். உள்ளே போகாத கொழுப்பு ரத்தக்குழாயிலும், குதிகால் தசைநாரிலும், சிலருக்குக் கண் இமையிலும் படியும்.

"பின்கதவு திறக்காத பஸ் மாதிரியா?" என்றாள் அவள். "ஏறறவங்க ஏறிக்கிட்டே இருப்பாங்க, இறங்கறவங்க உள்ளயே நிப்பாங்க."

"அப்படித்தான். இவர் பட்டினி கிடந்தாலும் கூட்டம் குறையாது. மாத்திரை வேணும். இது அந்த வகைதானான்னு ரத்தத்துல மரபணுவைப் பாத்துடலாம். இருந்தா உங்க பையனுக்கும் பாக்கணும். இவர் தங்கச்சிக்கும் பாக்கணும், அந்தம்மாவோட குழந்தைக்கும்."

கணவன் நிரபராதி என்பது அந்த இடத்தில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் சந்தேகத்துக்கு ஓர் ஆள் போனால் இன்னோர் ஆள் வேண்டுமே. அது உடனே மருத்துவர்மீது தாவியது.

"பையன் ரத்தம் எதுக்கு? எங்க அனுப்புவீங்க? யாரு பாப்பாங்க? நாளைக்கு அவன் வேலைக்குப் போற இடத்துல 'உனக்கு வியாதி இருக்கு'ன்னு யாராவது எடுத்து நீட்டினா?"

மருத்துவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். உங்க சம்மதம் இல்லாம யார்கிட்டயும் போகாது, இந்தப் பரிசோதனைக்கு மட்டும்னு எழுதித்தான் கையெழுத்து வாங்குவோம். படிச்சுப் பாருங்க."

அவள் படித்தாள். முழுக்கப் படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, ஒரு வாக்கியத்துக்கு விளக்கமும் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள்.

கணவனுக்கு அந்த எழுத்துப் பிழை இருந்தது.

இனி நாத்தனாரிடம் போக வேண்டும். கணவன் போய்ச் சொன்னதற்குத் தங்கை அசையவில்லை. "யாரு, அண்ணி சொல்லி அனுப்பினாங்களா? எங்க வம்சத்து ரத்தமே கெட்ட ரத்தம்னு நிரூபிக்கணுமா? என் பொண்ணை நான் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

ஆகவே அவளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நாத்தனார் உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி என் மகளோட ரத்தம்?"

அதே கேள்வியை அதே குரலில் தான் மருத்துவரிடம் கேட்டது அவளுக்கு உறைத்தது. எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போது அது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது!

"அன்னிக்கு பஸ்ல நீ சொன்னது உண்மையா இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாமா?"

"உண்மைதான். குழந்தை வாயோரத்துல காகிதம் ஒட்டியிருந்துச்சு. அப்பவே பாத்தேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, அதனால விட முடியல."

"எட்டு வருஷம் ஆச்சு இதைச் சொல்ல."

"ஆச்சு."

"உக்காருங்க," என்றாள் நாத்தனார். "நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது."

எல்லோருடைய ரத்தமும் போயிற்று. முடிவு வரும் நாளில் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியதால், அவள் எழுதிக்கொடுத்த சம்மதத் தாளோடு அண்ணனும் அண்ணியும் மட்டும் போனார்கள். நாத்தனாருக்கும் அண்ணனுடைய அதே பிழை. கூடவே அவள் ரத்தத்தில், பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்புத் துகளும் அதிகம். அண்ணனுக்கு முன்னால் தங்கைக்கு அடைப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். பிறகு அடுத்த தாளை எடுத்தார்.

"உங்க பையனுக்கு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "மறுபடி பாருங்க."

"இல்லம்மா, ரத்தக் கொழுப்பும் சரியா இருக்கு, மரபணுவும்..."

"பேரு மாறியிருக்கும். இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்க."

கெட்ட செய்தியைச் சந்தேகப்படுகிறவர்களைத்தான் மருத்துவர் பார்த்திருந்தார். நல்ல செய்தியைச் சந்தேகப்படுகிற தாயை அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை. "காசைச் சுண்டிப் போடற மாதிரிதான். பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க பையனுக்கு நல்ல பக்கம் விழுந்திருக்கு" என்றார். அவள் பிடிவாதத்துக்காக மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். பின்னால் அதிலும் அதேதான் வந்தது.

நாத்தனாரின் மகளுக்கு இருந்தது.

வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்தாள். மகனை நினைத்து நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சில் அந்த லேசுக்காகவே தன்மேல் எரிச்சல் வந்தது. போனில் சொல்லிவிடலாம் என்று கணவன் சொன்னான். வேண்டாம் என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே நாத்தனார் புரிந்துகொண்டாள். ஒன்பது வயதுக் குட்டி அடுத்த அறையில் கட்டிலின்மேல் குதித்துக்கொண்டிருந்தது. பலகை கிறீச்சிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உங்க பையனுக்கு?"

"இல்ல."

நாத்தனார் தலையை ஆட்டினாள். பிறகு சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "தப்பா பாத்திருப்பாங்க அண்ணி. அந்தச் சத்தத்தைக் கேளுங்க, வியாதிக்காரக் குழந்தை இப்படிக் குதிக்குமா? பணம் பிடுங்கப் பொய் சொல்றாங்க. சொல்லுங்க அண்ணி. நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களே. நீங்க சொன்னா நான் கேக்கறேன்."

பருந்துக்கு நாக்கு நுனியில் அத்தனை சந்தேகமும் தயாராக இருந்தது. பேர் மாறியிருக்கலாம். புட்டி மாறியிருக்கலாம். எதையாவது ஒன்றை எடுத்துக் கொடுத்தால் இந்தப் பெண் இன்றைக்குத் தூங்குவாள்.

"நான் எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன்மா," என்றாள். "இதை நம்பறேன்."

நாத்தனார் கையை விடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"இப்ப தெரிஞ்சது நல்லது," என்றாள் பிறகு. "உன் அப்பாவுக்குத் தெரியாமலே போச்சு. உனக்கு அடைப்பு வந்த பிறகு தெரிஞ்சுது. இவளுக்கு இப்பவே தெரிஞ்சுடுச்சு. மாத்திரை சாப்பிட்டா எல்லாரையும் போல இருப்பான்னு டாக்டர் சொல்றாங்க. ஓடலாம், குதிக்கலாம்."

"முட்டை?"

"அதையும் கேட்டேன். அளவா சாப்பிடலாம்."

கணவனுக்கு முதல் மாத்திரையில் கெண்டைக்கால் வலித்தது. வேறு மாத்திரை மாற்றி, கூடவே இன்னொன்று சேர்த்த பிறகு நம்பர் பாதிக்கும் கீழே இறங்கியது. வாணலி இறங்கி மறுபடி அடுப்புக்கு வந்தது, அடக்கமாக. மகன் வீட்டில் சாப்பிடத் தொடங்கினான். முகாமில் பார்த்த அந்த வயதான மருத்துவரிடம் ஒரு நாள் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, மேசையிலிருந்த தாளில் ஏதோ குறித்துவைத்தார். என்ன குறித்தார் என்று அவள் எட்டிப் பார்க்கத்தான் செய்தாள்.

நாத்தனாரும் அவளும் அதன் பிறகு சண்டையே போடவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே போட்டார்கள். ஆனால் குட்டிக்கு மாத்திரை தொடங்கிய வாரம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். இவ முழுங்கறாளா, எங்கயாவது துப்பறாளான்னு எனக்குப் பிடிபடல."

அவள் வேலை முடிந்து சீருடையோடே போனாள். குட்டி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, "முழுங்கிட்டேன் அத்தை" என்று பல்லைக் காட்டியது. அவள் பல்லைப் பார்க்கவில்லை. அந்தக் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள்.

"நாக்கைத் தூக்கு," என்றாள்.